இறால் குளத்தில் விப்ரியோ: ஆன்டிபயாடிக் இல்லாமல் கட்டுக்குள் வைப்பது எப்படி

வன்னாமெய் இறால் வளர்ப்பில் பாக்டீரியா நோய் என்று எதைச் சொன்னாலும் பெரும்பாலும் அது விப்ரியோவில் வந்து நிற்கும். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், விப்ரியோ ஹார்வேயி, விப்ரியோ கேம்பெல்லி, விப்ரியோ வல்னிஃபிகஸ், விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் எல்லாமே கடலிலும் கழிமுகத்திலும் இயல்பாக வாழும் இனங்கள். மரக்காணம் உப்பங்கழித் தண்ணீரிலும் இருக்கும், வேதாரண்யம் வாய்க்காலிலும் இருக்கும், நோயில்லாத இறாலின் குடலிலும் இருக்கும். ஆகவே அதை ஒழிப்பது என்ற பேச்சே தவறான இடத்தில் தொடங்குகிறது. உப்புத் தண்ணீர் உள்ள குளத்தில் விப்ரியோ இருந்தே தீரும். அதற்குத் தின்னவும் ஒட்டவும் எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் ஏன் உதவாது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற வேலைகளின் காரணம் தானாக விளங்கும். நோய்ப்பட்ட இறால் முதலில் நிறுத்துவது தீவனத்தை. தீவனத்தில் கலந்த மருந்து, இன்னும் தெம்போடு மேயும் இறாலுக்குத்தான் போகிறது; மீதி கரைந்து சேற்றில் இறங்கி, அங்கிருக்கும் பாக்டீரியாவுக்கு எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகிறது. அந்த எதிர்ப்புத் திறன் பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையம் வழியாக ஒரு விப்ரியோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இன்னொரு பக்கம், விப்ரியோ தனித்தனியாக மிதப்பதைவிட, கழற்றிப் போட்ட ஓடு, மிதவை உயிரிகள், தார்ப்பாய், சேறு இவற்றின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்வதே அதிகம். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு (கழிவு வெள்ளைச் சரமாக மிதப்பது) பின்னால் பல குளங்களில் இருக்கும் ஈ.எச்.பி. பாக்டீரியாவே அல்ல, நுண்ணிய பூஞ்சை வகை ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது.

சந்தையையும் மறக்கக் கூடாது. குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் தடைப் பட்டியலில் உள்ளவை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் முதல் ஒரு கிலோ இறாலில் குளோராம்பெனிக்கால் 0.15 மைக்ரோகிராம், நைட்ரோஃபியூரான் எச்சம் 0.5 மைக்ரோகிராம் இருந்தாலே நடவடிக்கை எடுக்கிறது. நைட்ரோஃபியூரானின் எச்சம் தசைப் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் தங்கும். "அறுவடைக்கு முன் பத்து நாள் நிறுத்திவிட்டேன்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

குளத்தின் அடியிலிருந்து தொடங்குங்கள்

அறுவடை முடிந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, நடுவில் குவிந்த கருஞ்சேற்றை வாரி வெளியே கொண்டுபோங்கள். கரைமேல் கொட்டினால் முதல் மழையில் திரும்ப உள்ளே வரும். பிறகு கால் புதையாத அளவுக்கு, 2 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு வெடிப்பு விடும்வரை காயவிடுங்கள். காய்ந்த மண்ணை உழுது இன்னொரு முறை காயவைத்தால் அடியில் மறைந்திருக்கும் கறுப்பு மண்ணுக்கும் காற்று கிடைக்கும். உழுதபின் முகர்ந்து பாருங்கள்: அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் குளம் தயாராகவில்லை.

முந்தைய வளர்ப்பில் ஈ.எச்.பி. வந்திருந்தால் சாதாரண வேளாண் சுண்ணாம்பு போதாது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பு ஹெக்டேருக்கு 6 டன், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 2.4 டன் தூவி, 10, 12 செ.மீ. ஆழத்துக்கு உழுது, மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். மண்ணின் பி.எச். 12 வரை ஏறினால்தான் அந்த ஒட்டுண்ணியின் வித்துகள் சாகும். ஒரு வாரம் விட்டுப் பின் காயவைக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் இந்த வேலையில் ஆளை இறக்காதீர்கள். ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் சுட்டுவிடும்.

தார்ப்பாய் போட்ட குளம் என்றால் சேற்றுப் பிரச்சினை குறைவு, ஆனால் தாளில் ஒட்டும் படலம் அதிகம். துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசல் தெளித்து, வெயிலில் மொறுமொறுவென்று காய விடுங்கள். காயாத மடிப்புகளில்தான் படலம் தங்கும்.

தண்ணீரும் பிளீச்சிங்கும்

60 மெஷ் வடிகட்டிப் பை வழியாகத் தேக்கக் குளத்தை நிரப்பி 3 நாள் விடுங்கள். உள்ளே வந்த முட்டைகள் பொரிந்து, கலங்கல் தெளியும். கலங்கலான தண்ணீரில் குளோரின் முழுக்க மண்ணோடும் கழிவோடும் வினைபுரிந்து வீணாகும்.

பிளீச்சிங் பவுடர் கணக்கு எளிது. 1 பிபிஎம் என்பது ஒரு கனமீட்டருக்கு 1 கிராம். ஒரு ஏக்கர் குளத்தில் 1.2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 4,850 கனமீட்டர் தண்ணீர். 60 பிபிஎம் போட 290 கிலோ வேண்டும். இது 30 சதவீதம் குளோரின் உள்ள புதிய பவுடருக்கான கணக்கு. ஈரம் பட்டுக் கட்டியான பழைய மூட்டையில் பாதிகூட இருக்காது. சாயங்காலம் போடுங்கள், பகல் வெயில் குளோரினை வேகமாகச் சிதைக்கும். பிளீச்சிங்குக்கு முன் சுண்ணாம்பு போடவே கூடாது: பி.எச். 8-க்கு மேல் ஏற ஏறக் கிருமியைக் கொல்லும் வடிவிலான குளோரின் குறைந்துகொண்டே போகும். போட்ட இரவு ஏரேட்டரை (காற்றூட்டும் இயந்திரம்) சிறிது நேரம் ஓட்டிக் கலக்குங்கள். அடுத்த நாள் முதல் நன்றாக ஓட்டினால் 3 முதல் 5 நாளில் குளோரின் வெளியேறும். ஆர்த்தோடாலிடின் சொட்டுப் பரிசோதனையில் மஞ்சள் துளிகூடத் தெரியக் கூடாது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். குளோரின் எல்லாவற்றையும் கொன்ற தண்ணீர் ஆளில்லாத வீடு மாதிரி. செத்த பாசியும் நுண்ணுயிரும் அதில் உணவாகக் கரைந்து கிடக்கின்றன. உணவு நிறைய இருந்தால் விப்ரியோ 10, 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். நல்ல பாக்டீரியா நிதானமாக வளரும். ஆகவே குளோரின் போனது உறுதியான அன்றே பேசில்லஸ் புரோபயாடிக்கை இறக்குங்கள், அதோடு மிதவை உயிரி வளர்ச்சியையும் தொடங்குங்கள். குளோரின் போட்டுவிட்டு ஒரு வாரம் சும்மா விட்ட குளத்தில் குஞ்சு விட்டால், கிருமி நீக்கமே செய்யாத குளத்தைவிட அதிக விப்ரியோவோடு தொடங்குகிறீர்கள் என்று அர்த்தம். வளர்ப்பின் நடுவில் அயோடின், பி.கே.சி. போன்ற கிருமிநாசினி போடுவதும் இதே காரணத்தால்தான் அடிக்கடி எதிர்விளைவில் முடிகிறது. இரண்டு நாள் எண்ணிக்கை இறங்கும், பாசி செத்து விழும், ஐந்தாம் நாள் விப்ரியோ முன்பைவிட ஏறி நிற்கும்.

தேக்கக் குளத்தில் மடவை, பால் மீன் விட்டு வளர்ப்பதும் பலன் தரும். பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் 1990-களில் ஒளிரும் விப்ரியோ பண்ணைகளை அழித்தபோது, திலேப்பியா வளர்த்த பச்சைத் தண்ணீரை இறால் குளத்துக்கு எடுத்துத்தான் பலர் மீண்டார்கள். மீனின் சளியிலும் கழிவிலும் உள்ள பாக்டீரியாவும், அந்தத் தண்ணீரில் நிலைக்கும் பச்சைப் பாசியும் ஒளிரும் விப்ரியோவைத் தலைதூக்க விடுவதில்லை. நம் பக்கம் உரிய அனுமதி இல்லாமல் திலேப்பியாவை இறக்க வேண்டாம்.

குஞ்சு

குஞ்சு பொரிப்பகத்திலிருந்தே விப்ரியோவைச் சுமந்து வந்தால் மேலே சொன்னதெல்லாம் பாதி வீண். வெண்புள்ளி வைரஸ், ஈ.எச்.பி. இரண்டுக்கும் பி.சி.ஆர். (மரபணுப் பரிசோதனை) முடிவு கேளுங்கள். நுண்ணோக்கியில் ஆறாவது உடல் கண்டத்தில் தசையின் அகலம் குடலைப்போல் 4 மடங்கு இருக்க வேண்டும். ஈரல்கணையத்தில் (இறாலின் செரிமான உறுப்பு) எண்ணெய்த் துளிகள் நிறைந்திருக்க வேண்டும். 100 குஞ்சை எடுத்து நன்னீரில் 30 நிமிடம், திரும்பத் தொட்டித் தண்ணீரில் 30 நிமிடம் விட்டுப் பாருங்கள். 90-க்கு மேல் பிழைத்தால் வாங்கலாம். ஆணையம் வன்னாமெய்க்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுவரை அனுமதிக்கிறது. அது உச்ச வரம்பு. மண் குளத்தில், மருந்தை நம்பாமல் வளர்ப்பவர் 25 முதல் 35-க்குள் நிற்பது நல்லது.

தவிட்டுச் சாறு

நல்ல பாக்டீரியாவைப் பெருக்கிக் குளத்துக்குக் கொடுக்க இதுதான் மலிவான வழி. ஆனால் தப்பாகச் செய்தால் விப்ரியோவைப் பெருக்கி ஊற்றுவதாக முடியும்.

ஒரு ஏக்கருக்கு: சலித்த எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 20 கிலோ, வெல்லம் 2 கிலோ, பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லிச்செனிஃபார்மிஸ் உள்ள பொடி 200 கிராம், நன்னீர் 200 லிட்டர். நன்னீர் என்பது இதில் முக்கியம். விப்ரியோவுக்கு உப்பு வேண்டும். வாய்க்கால் தண்ணீரை அப்படியே டிரம்மில் பிடித்து வெல்லம் போட்டால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வெளியில் வைத்திருங்கள்.

நல்ல ஊதுகுழாய் வைத்து 24 மணி நேரம் இடைவிடாமல் காற்று கொடுங்கள். பேசில்லஸ் காற்றை விரும்பும் இனம். காற்று நின்றால் வேறு பாக்டீரியா புகுந்து புளிக்கவைத்துவிடும். பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் நிற்கட்டும். கீழே இறங்கினால் ஆப்ப சோடா கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஈஸ்ட் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைத் தனி டிரம்மில் செய்யுங்கள். ஒன்றாகப் போட்டால் பி.எச். இறங்கிப் பேசில்லஸ் தேங்கிவிடும். 24 மணியில் இனிப்பும் லேசான புளிப்பும் கலந்த மணம் வர வேண்டும். அழுகல் வாடை என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், குளத்தில் அல்ல. நைலான் துணியில் வடித்துச் சாற்றை மட்டும் காலை 9 மணி வாக்கில், ஏரேட்டர் ஓடும்போது ஊற்றுங்கள். சக்கையைக் குளத்தில் போட்டால் அது அடியில் சேறுதான்.

குஞ்சு விடும் முன் ஒரு வாரம் தினமும் ஒரு முறை, பிறகு வாரத்துக்கு 2 முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தொகுதியையாவது கீழே சொல்லும் டி.சி.பி.எஸ். தட்டில் (விப்ரியோவை வளர்த்து எண்ணும் தட்டு) போட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

அமோனியா ஏறினால் வெல்லம் அல்லது மொலாசஸ் கொடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1 கிராம் அமோனியா நைட்ரஜனைப் பாக்டீரியா உடலாக மாற்ற ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து வேண்டும். மேலே சொன்ன ஒரு ஏக்கர் குளத்தில் 1 பிபிஎம் அமோனியா நைட்ரஜன் என்றால் 4.85 கிலோ, அதற்கு 97 கிலோ. ஒரே நாளில் கொட்டினால் இரவு ஆக்சிஜன் விழுந்துவிடும். 20 கிலோ வீதம் 5 நாளாகப் பிரித்துக் காலையில் மட்டும் கொடுங்கள். சர்க்கரையைத் தின்னும் விப்ரியோ இனங்களும் உண்டு, அவை தட்டில் மஞ்சளாக வளரும். வெல்லம் தொடங்கியபின் மஞ்சள் புள்ளிகள் வேகமாகப் பெருகினால் நிறுத்திவிட்டுத் தவிட்டுச் சாற்றுக்கு மாறுங்கள். தவிட்டின் மாவுச்சத்து மெதுவாகவே கரையும்.

தீவனமும் காற்றும்

விப்ரியோ வெடிப்பின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலும் மிச்சத் தீவனத்தில் போய் முடியும். செக் ட்ரேயை (தின்றது எவ்வளவு என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டு) பார்க்காமல் அட்டவணையைப் பார்த்துத் தீவனம் போடாதீர்கள். ஒவ்வொரு வேளையும் 1 கிலோ தீவனத்துக்கு ஒரு ட்ரேயில் 2 முதல் 4 கிராம் வைத்து, 2 மணி நேரத்தில் தூக்குங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வேளையில் கால் பங்கு குறையுங்கள். ட்ரேயில் மிச்சம் மட்டுமல்ல, கழிவுச் சரத்தின் நிறமும் தெரியும்: தீவன நிறம் என்றால் நல்லது, வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் குடலில் சிக்கல் தொடங்கிவிட்டது. மேகமூட்டம், மழை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஓடு கழற்றும் நாட்கள், விடியலில் ஆக்சிஜன் 4 பிபிஎம்-க்குக் கீழே போன நாள், இவற்றிலெல்லாம் கேட்காமலே 30 சதவீதம் குறைத்துவிடலாம். ஒரு நாள் பட்டினியால் இறால் சாகாது.

ஏரேட்டர் 400, 500 கிலோ இறாலுக்கு 1 குதிரைத்திறன். ஆக்சிஜனை அடித்தண்ணீரில், விடியற்காலை 4, 5 மணிக்கு அளவிடுங்கள். மதியம் மேல்தண்ணீரில் எடுத்த 8 பிபிஎம் ஒன்றையும் சொல்லாது. நடுவடிகால் இருந்தால் தீவனம் போட்ட 2 மணி நேரத்துக்குப்பின் தினமும் 2, 3 முறை கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை திறந்துவிடுங்கள். அடிச்சேற்றைக் கலைக்கச் சங்கிலி இழுப்பவர்கள் முதல் வாரத்திலேயே தொடங்கினால் சரி. 50-ஆம் நாள் சேறு தேங்கியபின் இழுத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கிளப்பி நீங்களே நோயை வரவழைப்பீர்கள்.

தண்ணீரில் காரத்தன்மை 120 பிபிஎம்-க்குக் குறையாமல், பி.எச். காலைக்கும் மாலைக்கும் 0.5-க்கு மேல் வித்தியாசம் வராமல் பாருங்கள். வித்தியாசம் கூடினால் பாசி மிஞ்சிவிட்டது, ஒரு நாள் மொத்தமாகச் சாயும். பாசி சாய்ந்த 2, 3 நாளில் விப்ரியோ ஏறும். அந்த நாட்களில் தீவனத்தைப் பாதியாக்கிப் பேசில்லஸை இரட்டிப்பாக்குங்கள்.

தீவனத்தில் கலக்க, ஒரு கிலோ தீவனத்துக்கு உரித்த பூண்டு 10 முதல் 20 கிராம் நசுக்கி 10 நிமிடம் வைத்து (அப்போதுதான் அல்லிசின் உருவாகும், வேகவைத்தால் போய்விடும்), முட்டை வெள்ளைக்கரு அல்லது கடையில் கிடைக்கும் ஒட்டுப் பசையோடு பிசறி நிழலில் அரை மணி உலர்த்திப் போடலாம். ஃபார்மிக், பியூட்டிரிக் போன்ற கரிம அமிலங்களின் உப்புகள் கிலோவுக்கு 2 முதல் 5 கிராம். இரண்டும் குடலில் விப்ரியோவைக் குறைக்க உதவும். தின்கிற இறாலுக்கு மட்டுமே உதவும் என்பதால் நோய் வருமுன் தினம் ஒரு வேளை கொடுப்பதே பலன். செத்து ஒதுங்கத் தொடங்கியபின் பூண்டை நம்ப வேண்டாம்.

டி.சி.பி.எஸ். தட்டு

வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தண்ணீர் எடுங்கள். டி.சி.பி.எஸ். பொடி லிட்டருக்கு 89 கிராம். கொதிக்கவைத்தால் போதும், பிரஷரில் வைத்தால் கெட்டுவிடும். 1 மி.லி. குளத் தண்ணீரை 9 மி.லி. கிருமியற்ற 1.5 சதவீத உப்புக் கரைசலில் கலந்து, அதிலிருந்து 0.1 மி.லி. தட்டில் பரப்புங்கள். 30, 35 டிகிரியில் 18 முதல் 24 மணிக்குள் எண்ணிவிடுங்கள். நேரம் கடந்தால் மஞ்சள் புள்ளிகள் பச்சையாக மாறி உங்களை ஏமாற்றும். இந்தத் தட்டில் 24 மஞ்சள், 6 பச்சை என்றால் நூறால் பெருக்குங்கள்: மி.லி.க்கு 2,400 மஞ்சள், 600 பச்சை.

பச்சைப் புள்ளிகளில் பாராஹீமோலிட்டிகஸும் வல்னிஃபிகஸும் இருக்கும். தண்ணீரில் பச்சை 100-க்குள், மொத்தம் 1,000-க்குள் இருந்தால் நிம்மதி. இதைக் கல்லில் எழுதிய எல்லையாக எடுக்காதீர்கள். முந்தைய வாரத்தைவிடப் பத்து மடங்கு ஏறியதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆட்டோஇண்டியூசர் என்ற வேதிச் சைகையால் தங்கள் கூட்டத்தின் அளவை உணர்ந்து, போதிய எண்ணிக்கை சேர்ந்ததும் ஒளிர்வது ஹார்வேயியின் இயல்பு. நஞ்சு போன்ற தாக்கும் குணங்களும் பலவற்றில் இதே சைகையை ஒட்டியே இயங்குகின்றன. எண்ணிக்கையைக் கீழே வைத்திருப்பதே அதைச் சாதுவாக வைக்கிறது. 5 இறாலின் ஈரல்கணையத்தையும் எடுத்து, 1 கிராமை 9 மி.லி. கரைசலில் நசுக்கி, மேலும் பத்து பத்து மடங்காக நீர்த்துத் தட்டில் போடுங்கள். கிராமுக்கு 1,00,000-ஐத் தாண்டினால் நோய் வாசலில் நிற்கிறது. எண்ணி முடித்த தட்டுகளைப் பிளீச்சிங் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தே எறியுங்கள்.

அறிகுறி தெரிந்துவிட்டால்

வெள்ளைச் சரம் மூலையில் மிதக்கிறது, குடல் காலி, ஓடு தொளதொள, ஈரல்கணையம் வெளிறியது: அன்று ஒரு வேளை தீவனத்தை நிறுத்துங்கள், அடுத்த 3 நாள் பாதி. மிதக்கும் சரத்தை வலையால் அள்ளி வெளியே புதையுங்கள். மற்ற இறால் தின்றால் பரவும். எல்லா ஏரேட்டரும் இரவு முழுக்க ஓடட்டும். நடுவடிகாலைத் திறந்து கசடை இறக்கி, கிருமி நீக்கிய தேக்கக் குளத் தண்ணீரை 10, 15 சதவீதம் விடுங்கள். வாய்க்கால் தண்ணீரை நேராக இழுக்காதீர்கள், அக்கம்பக்கத்துக் குளம் எதை விட்டதோ அதுதான் அதில் வரும். பேசில்லஸைத் தினமும் 3 நாள் கொடுங்கள். அதே நாளில் இறாலை பி.சி.ஆருக்கு அனுப்புங்கள். ஈ.எச்.பி. இல்லை, விப்ரியோ மட்டும் என்றால் 5 முதல் 7 நாளில் குடல் நிறைவது ட்ரேயில் தெரியும். ஈ.எச்.பி. உறுதியானால் இறால் சாகாமல் வளராமலே தீவனத்தைத் தின்னும். கணக்குப் போட்டு, விற்கிற எடை வந்திருந்தால் அறுவடை செய்வதே குறைந்த நட்டம்.

முதல் 35 நாளுக்குள், ஈரல்கணையம் சுருங்கி வெளிறி, குடல் காலியாகி, இறால் அடியில் குவியலாகச் செத்தால் அது வேறு நோய் (ஏ.எச்.பி.என்.டி.). பாராஹீமோலிட்டிகஸின் சில வகைகள் பி.வி.ஏ.1 என்ற பிளாஸ்மிட்டில் பிர்-ஏ, பிர்-பி என்ற நஞ்சு மரபணுக்களைச் சுமக்கின்றன. அந்த நஞ்சுதான் ஈரல்கணையத்தைக் கரைக்கிறது. 2013-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு இந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று கண்டறிந்தது. நஞ்சு வேலை செய்தபின் பாக்டீரியாவைக் கொன்றும் பயனில்லை. வெண்புள்ளி நோய் போலவே இதற்கும் குளத்தை மூடுவதுதான் வழி. மீன்வளத் துறைக்கும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் சொல்லுங்கள். ஏரேட்டரை நிறுத்தி, மதகை அடைத்து, 60 பிபிஎம் பிளீச்சிங் போட்டுக் குறைந்தது 7 நாள் வைத்து, குளோரின் முழுக்கப் போனதை உறுதிசெய்த பிறகே தண்ணீரை வெளியே விட வேண்டும். அந்தக் குளத்தில் பயன்படுத்திய வலை, ட்ரே, வாளி எல்லாவற்றையும் அதே பிளீச்சிங் தண்ணீரில் முக்கி வெயிலில் காயவையுங்கள். அடுத்த குளத்துக்கு அவை நனைந்தபடி போகக் கூடாது.